மூக்குக்கு நேரே மட்டும்

மாத்தூர்
8.7.2024

இயேசுவுக்கே புகழ். உனக்குக் கிடையாது.

‘அன்புள்ள அண்ணனுக்கு’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை மறுத்துவிட்டது. நேற்று பூசை முடிவதற்குள் கோயில் வாசலில் நின்றே உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், திட்டுவதற்கு நம்பர் வேண்டுமே என்று உறைத்தது. பிளாக்கை எடுத்தால் நான் இறங்கி வந்தது போலாகிவிடும். அதனால் ரெஜிஸ்தர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டானிஸ்லாஸ் அவர்களே.

நாளைக்கு நீ மாற்றிப் பேசாமலிருக்க, நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். உன் மகள் ஜூடியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக என்னை நிறுத்தாமல் அண்ணியின் தங்கையை நிறுத்தினாய். உனக்கு இருப்பது ஒரே தங்கை. நான் பந்தியில் பாதியில் எழுந்து போனேன். எட்டு மாதம் உன் வாசலை மிதிக்கவில்லை. கோபம் நியாயமானது, எட்டு மாதம் கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். பந்தியில் பாதியில் எழுந்ததும் தப்பு, ஏனென்றால் அதற்கப்புறம்தான் சிக்கன் வந்ததாம்.

போகட்டும், நாமே போய்ப் பேசுவோம் என்று நேற்று இரண்டு பஸ் மாறி ராயபுரம் வந்தேன். வயலட் சேலை. அது மாத்தூரில் கிளம்பினால் மணலியிலேயே தெரியும் என்று வீட்டுக்காரர் சொன்னார். பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தபோது ‘பரலோகத்தில் இருக்கிற’ பாடிக்கொண்டிருந்தார்கள். நீ மூன்றாவது பெஞ்சில். உனக்கு வலது பக்கம் தூண். இடது பக்கம் காலி, அண்ணி பாட்டுக் குழுவில் நின்றார்கள். நான் அங்கே வந்து, ஒரு சாண் இடம் விட்டு நின்றேன்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னார் சாமியார். நான் உன் பக்கம் திரும்பிக் கைகூப்பி, “சமாதானம்ணா” என்றேன். நீ முன்பெஞ்சு வழுக்கைத் தலைக்கு முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக் கும்பிட்டாய். பிறகு பீடத்தைப் பார்த்துக்கொண்டாய். நான் இரண்டாம் தடவையும் சொன்னேன். ஓட்டுக் கேட்க வந்தவளுக்கு வீட்டுக்குள்ளிருந்து யாரும் வராதது போல, கூப்பிய கையோடு நின்றேன். பின்பெஞ்சில் யார் யார் இருந்தார்கள் என்று உனக்கே தெரியும். இந்நேரம் காசிமேட்டு மீன் ஏலத்தில் என் கதைதான் முதலில் போயிருக்கும்.

வீட்டில் சோறில்லை என்று சொல்லலாம். நீ எனக்குத் தங்கச்சியே இல்லை என்றும் சொல்லலாம். ஆண்டவன் முன்னால் நின்றுகொண்டு சமாதானம் இல்லை என்று சொன்ன ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை. கண்டுக்காமல் நின்றாயே, அந்த நெஞ்சழுத்தம் உனக்கு எந்தக் கடையில் கிடைத்தது?

நேற்று வரை உன் தங்கையாக இருந்த,
மெர்லின்

ராயபுரம்
13.7.2024

மெர்லினுக்கு,

ரெஜிஸ்தர் தபால் கிடைத்தது. “கோர்ட்டு நோட்டீஸா அண்ணாத்த?” என்று தபால்காரர் மிகுந்த ஆசையோடு கேட்டார். தங்கச்சி எழுதியது என்றதும் முகம் தொங்கிவிட்டது.

நீ கோயிலுக்கு வரவில்லை. இதை நான் பைபிள் மேல் கைவைத்துச் சொல்வேன். என் இடது பக்கம் யாருமே இல்லை. உன் அண்ணி மேரிக்காகப் போட்டு வைத்த கைக்குட்டைதான் இருந்தது. அந்த வயலட் சேலை எனக்குத் தெரியும். அது ஒரு சாண் தள்ளி நின்று எனக்குத் தெரியவில்லை என்றால், ஒன்று எனக்குக் கண் அவிந்திருக்க வேண்டும், இல்லை நீ வேறு கோயிலில் வேறு எவனுக்கோ சமாதானம் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். அந்த ஆள் பாவம், பயந்துபோய்ப் பேசாமல் நின்றிருப்பான்.

நானே இங்கே கொதித்துக்கொண்டிருக்கிறேன். சாத்தாங்காட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் கன்டெய்னர் யார்டில் இருபத்தொன்பது வருஷமாகப் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இந்த இரண்டு மாதத்தில் வாசல் கேட் தூணில் இரண்டு தடவை உரசினேன், ஒரு டிரெய்லரின் பக்கக் கண்ணாடி போனது. வழியை அடைத்து வண்டி நிறுத்தினால் உரசாமல் என்ன செய்யும்? போன வாரம், பெட்டிகளைச் சரிபார்க்கிற செக்கர் மாசானம், நான் அவன் மேலே ஏற்றப் பார்த்ததாகவும், தான் பெட்டிச் சந்தில் குதித்துத் தப்பியதாகவும் மேனேஜரிடம் சொல்லிவிட்டான். பொய். அங்கே ஆளே இல்லை.

மேனேஜர் பாலகணேஷுக்கு என் மகன் வயது. முகத்துக்கு நேரே கேட்டான்: “அண்ணே, சாப்ட்டு வந்திருக்கீங்களா?” சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை என்று உனக்குத் தெரியும். கருவியைக் கொண்டுவந்து ஊதச் சொன்னான். ஊதினேன். ஒன்றும் காட்டவில்லை. கருவி சரியில்லை என்றான். கண்ணைச் சோதிக்க அனுப்பினான். அட்டையில் கடைசி வரி வரை படித்தேன். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சாபீஸ் பெயரையும் படித்தேன். பார்வை முழுசு என்று சீட்டுக் கொடுத்தார்கள். அதையும் வைத்துக்கொண்டு, கண் நன்றாக இருந்தும் இடிக்கிறான் என்றால் குடிதான் என்று எழுதி, விசாரணை முடியும்வரை வராதே என்கிறான்.

குடியை விட்டு ஆறு வருஷமாகிறது. வேளாங்கண்ணியில் என்னிடம் சத்தியம் வாங்கியவளே நீதான். ஊரெல்லாம் என்னைக் குடிகாரன் என்கிறது. இந்த நேரம் பார்த்து நீயும் ஒரு தபால் போடுகிறாய்.

ஸ்டானிஸ்லாஸ்

மாத்தூர்
19.7.2024

அண்ணனுக்கு (இது பழக்கதோஷம்),

நீ குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். குடித்த காலத்தில் நீ மரியாதையாக இருந்தாய். நடுரோட்டில் விழுந்து கிடந்தாலும் “வா மெர்லினு, சாப்ட்டியா” என்று கேட்டாய்.

நான் கோயிலுக்கு வரவில்லை என்கிறாயே, அந்த ஒரு வரிக்காகவே ஒரு குற்றப்பத்திரிகை போடுகிறேன். இரண்டு வருஷமாக உள்ளே போட்டு வைத்திருந்ததெல்லாம் இதில் வருகிறது.

உன் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நான் போட்ட மோதிரத்தை ஆறே மாதத்தில் கழற்றி, “ஏற மாட்டேங்குது, எடுத்துனு போ” என்று திருப்பிக் கொடுத்தாய். ஏறாமல் என்ன, விரல் வளர்கிறதா? எட்டாம் நம்பர் செருப்பு போட்டுக்கொண்டிருந்தவன் இப்போது பத்து. ஐம்பத்திரண்டு வயதில் எவனுக்காவது கால் வளருமா? தலைக்கனம் இறங்கிக் காலுக்குப் போயிருக்கிறது. தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு, குரலையும் கனமாக்கிக்கொண்டு, படத்தில் வரும் ஜமீன்தார் மாதிரி பேசுகிறாய். ஞானஸ்நானத்தன்று பாயசக் கிண்ணத்தோடு உன் பக்கத்தில் நின்றேன். முழங்கையால் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாய். என் பட்டுப்புடவையில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது. மார்க்கெட்டில் மெழுகுவத்திக் கடைக்காரம்மா உன்னைப் பக்கத்திலிருந்தே மூன்று தடவை கூப்பிட்டார்களாம், திரும்பவில்லையாம். என் வீட்டுக்கு வந்தால் வாசல் நிலையில் இடித்துவிட்டு, நிலையை மாற்றி வை என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறாய். எப்போது பார்த்தாலும் தலைவலி. என்னைப் பார்த்தால் மட்டும்தான் வருகிறது என்று நினைத்தேன், அண்ணி தினமும் என்கிறார்கள்.

இதுவரை எழுதிவிட்டு, போதுமான அளவுக்கு உறைக்கிறதா என்று பார்க்க மாடிவீட்டு உமைமாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் திருவொற்றியூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சோதனை எடுக்கிறவள். ஜமீன்தார் இடத்தில் சிரிப்பாள் என்று நிறுத்திப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி அவளே திரும்பப் படித்தாள், நாலு தடவை. நான் வயிறெரிந்து எழுதியதை, நோயாளிச் சீட்டு மாதிரி படிக்கிறாள். எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்திருக்கும் பார்.

பிறகு கேட்டாள்: “மெர்லின்க்கா, உங்க அண்ணன் நேரா எதிர்ல வர்றவங்க யாரையாச்சும் கண்டுக்காம போயிருக்காரா?”

யோசித்தேன். அரை மணி நேரம் யோசித்தேன். ஒருத்தர்கூட இல்லை. எதிரில் வந்தால் பரம விரோதிக்கும் சலாம் போடுகிற ஆள் நீ. நீ அவமானப்படுத்திய எல்லோருமே உனக்குப் பக்கவாட்டில் இருந்தவர்கள்.

அட்டை படிப்பது நடுப்பார்வையை மட்டும்தான் காட்டுமாம். ஓரத்தைப் பார்க்க வேறு சோதனை இருக்கிறதாம். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உமைமா இருப்பாள், போ. இதனால் நான் மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. ஒன்று நீ குருடு, இல்லை அயோக்கியன். எது என்று பார்த்து எழுது.

மெர்லின்

ராயபுரம்
3.8.2024

மெர்லின்,

நான் அயோக்கியன் இல்லை. டாக்டர் கையெழுத்தோடு சொல்கிறேன்.

உன்னைப் பொய்க்காரி என்று நிரூபிக்கத்தான் போனேன். உமைமா ஒரு கண்ணை மூடி, ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் என் மோவாயை வைக்கச் சொன்னாள். நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், எங்கே பொட்டு வெளிச்சம் வந்தாலும் பொத்தானை அமுக்க வேண்டும். பாதி நேரம் வெளிச்சமே வரவில்லை. “யம்மா, மிசினு பேஜாராய்ச்சி போலகீது” என்றேன். மிஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றாள். சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் மெர்லின், உன் கடிதத்தை நம்ப ஆரம்பித்தேன்.

தாளை எடுத்துக் காட்டினாள். இரண்டு வட்டம். இடது கண்ணுக்கு இடது பாதி கறுப்பு, வலது கண்ணுக்கு வலது பாதி கறுப்பு. குதிரைக்குக் கண்ணோரம் இரண்டு பக்கமும் தோல் கட்டி ஓட்டுவார்களே, அதுதான் நான். தோல் கட்டியது குதிரைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி, தலைக்கு ஸ்கேன். டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். நாம் பேசின் பிரிட்ஜ் ரயில் ஜங்ஷன் பக்கம் வளர்ந்ததால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒவ்வொரு கண்ணின் பின்னாலிருந்தும் ஒரு நரம்பு கிளம்புகிறது. ஒரு நரம்புக்குள் பத்து லட்சம் இழைக்கு மேல். கண் வெறும் கேமராதானாம்; பார்ப்பது தலைக்குப் பின்பக்க மூளை. சரக்கை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற தண்டவாளம் இந்த நரம்பு. இரண்டு நரம்பும் மூக்கு வேருக்குப் பின்னால் ஒரு ஜங்ஷனில் சேர்கின்றன. அங்கே பாதித் தண்டவாளம் எதிர்ப்பக்கம் தாண்டுகிறது, பாதி அந்தந்தப் பக்கமே நேராகப் போகிறது. எந்தப் பாதி தாண்டுகிறது? ஓரத்திலிருந்து வரும் வெளிச்சம் கண்ணுக்குள் நுழைந்து மூக்குப் பக்கச் சுவரில்தான் விழும். அந்த மூக்குப் பக்கத்து இழைகள்தான் தாண்டுகிறவை.

அந்த ஜங்ஷனுக்கு நேர் கீழே ஒரு சுரப்பி, பட்டாணி அளவு. உடம்பில் எது எவ்வளவு வளர வேண்டும் என்று உத்தரவு போடுகிற ஆபீஸ். அதில் கட்டி வந்து நெல்லிக்காய் அளவாகி, ஜங்ஷனைக் கீழிருந்து முட்டுகிறது. சரியாக, தாண்டுகிற தண்டவாளங்களை. நேராகப் போகிறவை தப்பித்துவிட்டன. அதனால் இரண்டு கண்ணுக்கும் ஓரம் போச்சு. நடுவை இரண்டும் சேர்ந்து ஒப்பேற்றிக்கொள்கின்றன. அச்சாபீஸ் பெயரைப் படித்தது அந்த நடு. உன் வயலட் சேலை நின்றது ஓரத்தில். மோதிரம், செருப்பு, தாடை, ஜமீன்தார் குரல், தலைவலி எல்லாமே அந்த நெல்லிக்காயின் கைங்கர்யம். உன் குற்றப்பத்திரிகையை டாக்டரம்மா பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். இவ்வளவு விவரமாக யாருமே எழுதிக் கொண்டுவருவதில்லையாம். எனக்கு அவமானமாக இருந்தது.

எனக்குக் கேள்வி ஒன்றுதான். இவ்வளவு பெரிய மண்டையில் அந்தச் சுரப்பியை வைக்க வேறு இடமா கிடைக்கவில்லை? ஜங்ஷனுக்கு அடியில் கொண்டுபோய் எவன் வைக்கச் சொன்னான்? சாமியாரிடம் கேட்டேன். செபம் பண்ணுகிறேன் என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். பார்வை போன இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும் என்றுதானே நினைப்போம்? தெரியாது. தகவல் வராத இடத்தை மூளை காலியாக விடுவதில்லை, இழுத்துத் தைத்துவிடுகிறது. எனக்குத் தெரு முழுசாகத்தான் தெரிந்தது. யார்டும் முழுசாகத்தான் தெரிந்தது, மாசானம் இல்லாமல். அந்த ஆள் அங்கே நின்றிருக்கிறான், மெர்லின். நான் பொய் என்றேன்.

மூக்கு வழியாக உள்ளே போய் அந்தக் கட்டியை எடுக்க வேண்டும் என்கிறார்கள். இப்போது முடியாது என்று சொல்லிவிட்டேன். விசாரணை பதினாறாம் தேதி, அதற்குப் பிறகுதான் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் குடிகாரன் பயந்து ஒளிந்துகொண்டான் என்பார்கள். அந்த வார்த்தையை முதலில் எடுக்கட்டும். பிறகு என் மூக்கைக் கொடுக்கிறேன்.

ஸ்டானிஸ்லாஸ்

மாத்தூர்
9.8.2024

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்து நான் கொஞ்சம் அழுதேன். அப்புறம் கடைசிப் பத்திக்கு வந்தேன், அழுகை நின்றுவிட்டது. மூக்கைக் கொடுப்பானாம். யாருக்கு வேண்டும் உன் மூக்கு?

உமைமா என்னை உட்காரவைத்துச் சொன்னாள். கையில் வெட்டுப்பட்டால் அந்த நரம்பு மெல்லத் திரும்ப வளருமாம். கண்ணிலிருந்து போகிற இந்த நரம்பு வளராதாம். நசுங்கி மயங்கிக் கிடக்கிற இழை, பாரம் போனால் எழுந்துகொள்ளும். செத்த இழை செத்ததுதான். இதுவரை எத்தனை மயக்கம், எத்தனை சாவு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் மயங்கினவை செத்தவை பக்கம் போய்க்கொண்டிருக்கும். இதையெல்லாம் உன் டாக்டரம்மாவும் சொல்லியிருப்பார்கள். நீ அதை மட்டும் எனக்கு எழுதவில்லை.

அதனால் நான் நேற்று உன் யார்டுக்குப் போனேன்.

கத்தாதே, படி. வாசலில் வாட்ச்மேன் விடவில்லை. ஸ்டானிஸ்லாஸ் தங்கச்சி என்றேன், உடனே விட்டுவிட்டான். உன்னைப் பற்றி வம்பு கேட்கும் ஆசை. பாலகணேஷ் நீ சொன்ன அளவுக்கு மோசமான பையன் இல்லை, முடி கொட்டுகிற கவலையில் இருக்கிறான். உன் சோதனைத் தாளின் நகலை மேஜையில் போட்டேன். புரியவில்லை என்றான். எழுந்து நில்லுங்கள் தம்பி என்று நிற்கவைத்து, என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து என் மூக்கில் வியர்வை. பரவாயில்லை என்று இரண்டு கையையும் அகல விரித்து, ஓரத்தில் விரலை ஆட்டினேன். வலப்பக்கம் எத்தனை? இரண்டு என்றான். இடப்பக்கம்? மூன்று. கண்ணாடி அறைக்கு வெளியே மொத்த ஆபீசும் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. மேனேஜருக்குக் கண்ணேறு கழிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த ஐந்து விரலும் என் அண்ணனுக்கு இல்லை, தம்பி, என்றேன்.

“அப்போ அவரே சொல்லியிருக்கலாமே மேடம், ஓரம் தெரியலன்னு?”

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. “தெர்லன்றதே தெர்ல நைனா அவருக்கு. உன் முதுவுக்குப் பின்னாடி இப்ப இன்னா கீதுன்னு சொல்லு பாப்போம்” என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். ஆபீசில் யாரோ சிரித்தார்கள்.

மாசானத்தையும் கூப்பிட்டான். அந்த மனுஷன் மெதுவாக ஒன்று சொன்னார்: வண்டி வந்தபோது நீ அவரைத் திரும்பிப் பார்க்கவேயில்லையாம். குடித்தவன் என்றால் முழித்துப் பார்த்துவிட்டாவது ஏற்றுவான் என்று தனக்கு அன்றைக்கே குழப்பமாக இருந்ததாம். கேட்க ஆளில்லாததால் சொல்லவில்லையாம்.

‘மது அருந்தியிருந்தார்’ என்ற வரியை அடித்து, ‘மருத்துவக் காரணம்’ என்று எழுதி, பாலகணேஷ் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நகல் உள்ளே இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். கேட்கட்டும், நான் மறுபடி போவேன். உனக்கு வேண்டிய வார்த்தை போய்விட்டது. இனி உனக்குச் சாக்கு இல்லை.

மெர்லின்

ராயபுரம்
13.8.2024

மெர்லின்,

என் யார்டில், என் மேனேஜரை நிற்கவைத்து, விரலை ஆட்டியிருக்கிறாய். இனி அங்கே எந்த முகத்தோடு போவேன்? கேட் வாட்ச்மேன் போன் செய்து, “ஒன் தங்கச்சி இன்னொரு வாட்டி எப்பணா வரும்?” என்று கேட்கிறான். உன்னை யார் போகச் சொன்னது? என் அனுமதி இல்லாமல் என் சோதனைத் தாளை நகல் எடுத்தது இன்னொரு குற்றம். உமைமாவிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டும்.

இருபத்தொன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். இருபத்துமூன்று, வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. தூங்கவைத்து மூக்கு வழியாகப் போவதற்கல்ல. எழுந்து பார்க்கும்போது எல்லாம் இதே மாதிரி முழுசாகத்தான் தெரியும். வந்திருக்கிறதா வரவில்லையா என்று எனக்கே தெரியாது. இதை மேரியிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

வந்தால் வா. வந்தால் எதிரில் வந்து நில்.

ஸ்டானி

ராயபுரம்
9.9.2024

மெர்லின்,

பிளாக்கை எடுத்துவிட்டாய் என்று தெரியும். ஆனாலும் தபாலில்தான் எழுதுகிறேன். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ ஏழு வரி சொல்லிவிடுவாய். இந்தப் புகாரைக் குறுக்கீடு இல்லாமல் சொல்ல வேண்டும்.

இங்கே எனக்கு ஏகப்பட்ட சட்டம். மூக்கைச் சிந்தக்கூடாது. குனியக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். நேற்று அப்படித் தும்மியதில் பக்கத்து வீட்டு நாய் ஓடிவிட்டது. சிரிப்பதும் அளவோடு. ஆகவே உன் பழைய கடிதங்களை மேரி பூட்டி வைத்திருக்கிறாள்.

மாசானம் ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டேன்: “அன்னிக்கு நீ சொன்னது நெசம் மாசானம். நான்தான் ஒன்னப் பாக்கல.” அவன், “தெரியும்ணே, பாத்திருந்தா ஹாரன் அடிச்சிருப்பீங்க” என்றான். உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். ஆரஞ்சை உரித்துத் தின்றோம். பாலகணேஷ் என்னை இப்போதைக்கு வாசல் கேட் ஆபீசில் பெட்டி நம்பர் எழுத உட்காரவைக்கப் போகிறானாம். மறுபடி வண்டி ஏறுவது அடுத்த கிண்ணச் சோதனையைப் பொறுத்தது. கிடைக்காமலும் போகலாம். வலது பக்கம் இன்னும் புகை மாதிரிதான் இருக்கிறது. ஓரத்தில் ஏதோ அசைகிறது என்று தெரிகிறது, காக்காயா ஸ்கூட்டரா என்று தெரிவதில்லை. அந்தப் பக்கத்தில் செத்தது எவ்வளவு என்று தெரிய ஆறு மாதம் போகவேண்டுமாம்.

இடது பக்கத்தைப் பற்றித்தான் புகார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை. நீ என் கட்டிலுக்கு இடது பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். எதிரில் வந்து நில் என்று நான் எழுதியிருந்தும், ஃபேன் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்தாய். மேரி எனக்கென்று கீழே கடையிலிருந்து பன் பட்டர் ஜாம் வாங்கி வைத்துவிட்டு மருந்து வாங்கப் போயிருந்தாள். நான்கு நாள் கஞ்சிக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் மனிதச் சாப்பாடு அது.

டாக்டரம்மா வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, தன் மூக்கையே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நல்ல கூர்மையான மூக்கு. அப்போது இடது ஓரத்தில், இரண்டு வருஷமாக எதுவுமே வராத அந்த இடத்தில், ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல், இரண்டு பச்சை, ஒரு சிவப்பு. அது என் பன்னின் ஒரு மூலையைக் கிள்ளியது. போனது. மறுபடி வந்தது. ஜாம் இருக்கிற பக்கமாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளியது. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியாது என்ற தைரியத்தில், டாக்டர் முன்னாலேயே, நீ கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் நோயாளியின் பன்னைத் தின்றுகொண்டிருந்தாய்.

நான் திரும்பவில்லை. டாக்டரம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கலங்கித் தெரிந்தது, ஆபரேஷனால் அல்ல.

“பக்கவாட்டுல ஏதாவது தெரியுதா ஐயா?” என்று அவர் கேட்டார்.

“ஒண்ணியும் தெர்லம்மா” என்றேன். சீட்டில் ‘மாற்றமில்லை’ என்று எழுதிக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். நீ மத்தியானம் கிளம்பிய பிறகு அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு, எழுதியதை அடித்து எழுதினார். நான் வேறு என்ன செய்திருக்க முடியும், மெர்லின்? நீ அப்போது பாதிகூடத் தின்று முடித்திருக்கவில்லை.

ஸ்டானி